கேட் எதிரே தொங்கிய பிளாஸ்திரி

1. பச்சைப் பலகை

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், தகட்டை அச்சில் அழுத்திக் கார் பாகங்கள் செய்யும் அந்த பிரஸ் ஷாப்பில் எச்.ஆர். மேலாளராக நான் சேர்ந்த முதல் நாள், எம்.டி. என்னை முதலில் கூட்டிப் போனது தன் அறைக்கு அல்ல, கேட்டுக்கு. செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பச்சைப் பலகை நின்றது. மேலே ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எழுத்து. கீழே தினமும் மாற்றுகிற எண் தகடுகள். எண்ணிக்கை மூன்று இலக்கத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

“எஸ்டேட்லயே இந்த மாதிரி ரெக்கார்டு வேற யார்கிட்டயும் கிடையாது மேடம். ஆடிட்டுக்கு வர்ற கஸ்டமர் எல்லாரும் இது முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க” என்றார். அவருடைய பெருமை பொய்யில்லை. அந்த எண்ணை அவர் உண்மையாகவே நம்பினார்.

நான் நம்பவில்லை. என் அப்பா ஆவடியில் ஒரு சின்னப் பட்டறையில் ஷீட் மெட்டல் வேலை பார்த்தவர். தகடு வெட்டினால் ஓரத்தில் பிசிறு நிற்கும், அது கையைக் கீறும். அது கீறாமல் ஒரு வாரம் போனால் அந்த வாரம் வேலை இல்லை என்று அர்த்தம். இங்கே கார் சீட்டுக்கான பிராக்கெட்டும் கதவுக் கீலும் அடிக்கிறார்கள், ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில். ஆனால் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பஞ்சு பாக்கெட்டின் சீல் கூடப் பிரியவில்லை. களிம்பு காலாவதியாகி இருந்தது.

நோட்டீஸ் போர்டில் ஒரு விதி ஒட்டியிருந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எழுதியது. ஒரு ஆயுத பூஜையிலிருந்து அடுத்த ஆயுத பூஜை வரை விபத்தே இல்லையென்றால் எல்லாருக்கும் பரிசு. ஒரே ஒரு விபத்து பதிவானாலும் யாருக்கும் கிடையாது. பார்க்க நல்ல விதி. கையெழுத்து, கம்பெனி முத்திரை, கீழே சிரிக்கிற ஹெல்மெட் பொம்மை வரைக்கும் இருந்தது.

அந்தப் பரிசில் ஒரு விசேஷம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அந்த பாக்டரியில் பர்மனென்டுக்கு நீலச் சட்டை, கான்ட்ராக்டுக்குச் சாம்பல் சட்டை. கேன்டீன் டோக்கன் வேறு நிறம். ஷூ கூட வேறு கடை. வருடத்தில் ஒரே ஒரு நாள், பூஜையன்று, பொரிப் பொட்டலத்தோடு இரண்டு சட்டைக்காரர்களும் ஒரே அளவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரே கேட் வழியாக வெளியே போவார்கள். அந்த வருடம் குக்கர் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது.

2. எதிர்ப்புறம்

கேட்டுக்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. எஸ்டேட்டில் எத்தனையோ டீக்கடையில் நின்றிருக்கிறேன். ஷாம்பு பாக்கெட் தொங்கும், பாக்கு தொங்கும், ஊறுகாய் தொங்கும். இங்கே அவற்றுக்கு நடுவே பிளாஸ்திரி சரம் சரமாகத் தொங்கியது.

“இது எதுக்குங்க இவ்ளோ?” என்று கேட்டேன்.

“ஓடுது மேடம், வாங்கி மாட்றேன்” என்றார் கடைக்காரர். கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பால் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மல்லிகா என் கண்ணில் பட்டார். வேலப்பன்சாவடியிலிருந்து கம்பெனி வேனில் வருகிற கான்ட்ராக்ட் ஆள், சாம்பல் சட்டை. பதிவில் பிரஸ் ஆபரேட்டர். ஆனால் நான் பார்த்தபோதெல்லாம் பேக்கிங்கில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார், அதுவும் இடது கையால். வலது கை ஏப்ரன் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

கேன்டீனில் கவனித்தேன். ஒரு பெண் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்தார். இன்னொருவர் தட்டைக் கழுவினார். ஷிப்ட் முடிந்து வேன் ஏறும்போது மற்றொருவர் பையை வாங்கிக்கொண்டார். பார்த்தால் மனசு நிறையும், அப்படி ஒரு ஒட்டுதல். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. மறுநாள் காலை மல்லிகாவை அறைக்கு வரச் சொன்னேன்.

மல்லிகா வருவதற்கு முன்பே வந்து நின்றது லைன் சூப்பர்வைசர் கோதண்டம். ஐம்பதை நெருங்குகிற ஆள். வயலில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வந்த முதல் தலைமுறை. லைனில் எல்லாருக்கும் அவர் அண்ணாத்தேதான்.

“இன்னா மேடம், மல்லிகாவ கூப்ட்டீங்களாமே?”

“கையில என்ன?”

“சின்ன கீறல் மேடம். மஞ்சா வச்சி கட்டிகீது. ஆறிகினு வர்து. பூஜ முடியட்டும், நானே இட்டுகினு போயி காட்டிர்றேன்.”

பின்னாலேயே மல்லிகா வந்தார். கையை நீட்டச் சொன்னேன். அவர் கோதண்டத்தைப் பார்த்தார். கோதண்டம் ஜன்னலைப் பார்த்தார். நானே எழுந்து போய்க் கட்டைப் பிரித்தேன். பிளாஸ்திரி மேல் பிளாஸ்திரி, அதற்குள் துணி, துணிக்குள் மஞ்சள். கடைசிச் சுற்று பிரியும்போது அழுகல் வாடை அடித்தது. ஆள்காட்டி விரலின் நுனி கறுத்துப் போயிருந்தது. கறுப்புக்குக் கீழே கணுவரை வீக்கம்.

“சுகர் இருக்கா?”

“கீது மேடம். மாத்தர போட்டுக்கறேன்” என்றார், ஏதோ அதுதான் நான் கேட்க வந்த கேள்வி என்பது போல.

நடந்தது இதுதான். அந்த பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மேல் டை, அதாவது தகட்டை அழுத்தும் மேல் அச்சு, கீழே இறங்கும். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. டார்கெட்டை எட்ட முடியவில்லை என்று ஒரு பட்டனில் மரத்துண்டைச் சொருகி, ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறார்கள். டைக்குள் சிக்கிய பீஸை விரலால் தட்டிவிடப் போனபோது நுனி மாட்டியது. ரத்தத்தைத் துடைத்தார்கள். எதிர்க் கடையில் பிளாஸ்திரி வாங்கினார்கள். மல்லிகாவை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பலகையில் எண் வழக்கம்போல ஒன்று கூடியது.

3. ஆஸ்பத்திரி வராந்தா

கம்பெனி காரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கோதண்டமும் வந்தார், நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, “அடிபட்ட அன்னிக்கே வந்திருந்தா நகத்தோட போயிருக்கும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டாவது கணுவரை எடுக்க வேண்டியதாயிற்று.

வராந்தாவில் கோதண்டம் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கூடத் தோன்றியது. வேலையிலிருந்து எடுக்கும் கடிதத்தை மனதுக்குள் எழுதியே முடித்துவிட்டேன்.

“மல்லிகாதான் மேடம் சொல்லிச்சு, என்னால எல்லாருக்கும் பொட்டி போவக் கூடாதுன்னு” என்றார். “எங்கூட்டு பொண்ணு மாரிதான் பாத்துக்கினோம். ஒரு வேல செய்ய வுடல.”

அழுதார். பார்த்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. அந்த லைனில் ஒருத்தருக்கும் மல்லிகா மேல் அன்பு இல்லாமல் இல்லை. அத்தனை அன்பும் சேர்ந்து அந்த விரலை மறைத்து வைத்ததுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

மயக்கம் தெளிந்ததும் மல்லிகா கேட்டது விரலைப் பற்றி அல்ல.

“மேடம், ஊட்ல அருவாமணைல அறுத்துக்கினேன்னு எழுதிக்கோங்க. நான் கையெழுத்து போட்டுத் தர்றேன்.”

“அப்படி எழுதினா உனக்கு எதுவும் கிடைக்காதும்மா. வேலைல அடிபட்டதுன்னு எழுதினாத்தான் மாசா மாசம் உனக்கு வர வேண்டியது வரும்.”

“அத்த வச்சி இன்னா பண்றது மேடம். அந்தப் பொட்டி ஒண்ணுதான் எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே மாரி வர்து. மல்லிகாவாலதான் போச்சுன்னு வருசம் பூரா சொல்லுவாங்க. நான் அதே வேன்லதான போவணும்?”

உண்மையை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு ஊனத் தொகை கிடைக்கும், ஆனால் வேனில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது. பொய்யை எழுதினால் வேனில் இடம் இருக்கும், போன விரலுக்குக் கம்பெனியில் ஒரு தடயமும் இருக்காது. அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவளை நிறுத்தியது நோட்டீஸ் போர்டில் சிரித்துக்கொண்டிருந்த அந்தத் தாள்தான்.

4. எம்.டி. குடித்த டீ

எம்.டி. கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு எதுவாக இருந்தாலும் தன் கணக்கு என்று போனிலேயே சொல்லிவிட்டார். சிக்கல் ரிப்போர்ட்டில் வந்தது.

“அந்தம்மாவே வீட்ல நடந்ததுன்னுதான சொல்றாங்க? கஸ்டமர் ஆடிட் வேற வருது மேடம்.”

“நான் கையெழுத்து போட மாட்டேன் சார்.”

“சரி, உள்ளதையே எழுதுங்க. ஆனா கிப்ட் கிடையாது. ரூல் ரூல்தான். இல்லன்னா யார் ஜாக்கிரதையா இருப்பாங்க?”

“குக்கர் போயிடுமேன்னு பயந்து யாரும் விரலைக் காப்பாத்தறதில்ல சார். விரலைத்தான் மறைக்கறாங்க.”

அவர் முகம் இறுகியது. வாதம் செய்தால் ஜெயிக்க மாட்டேன் என்று தெரிந்தது. “ஒரு டீ சாப்பிட்டு வரலாமா சார், எதிர்ல?” என்றேன். இத்தனை வருடத்தில் அவர் காரில் அந்தக் கடையைத் தாண்டியிருப்பாரே தவிர, இறங்கி நின்றதில்லை. கடைக்காரர் பதறிப்போய் பெஞ்சைத் துடைத்தார். டீ வந்தது. எம்.டி.யின் தலைக்கு நேர் மேலே பிளாஸ்திரிச் சரம். அவராகவே கேட்டார்.

“இதெல்லாம் யாரு வாங்கறாங்க?”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பரவாயில்லை சொல்லுங்கள் என்று தலையசைத்தேன்.

“உங்க கம்பெனிதான் சார். மத்த கம்பெனில எல்லாம் உள்ளாறயே கட்டி வுட்ருவாங்க. உங்க ஆளுங்க உள்ள கேக்க பயப்பட்றாங்க. இங்கயே குந்தி ஒட்டிகினு, கைய பாக்கெட்ல வுட்டுகினு போவாங்க.”

எம்.டி. டீயைப் பாதியில் வைத்துவிட்டார். ரோட்டைக் கடக்கும்போது லாரி ஹாரன் அடித்தது கூட அவர் காதில் விழவில்லை. கேட்டுக்குள் வந்து பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு, “இந்த வருஷம் மட்டும் கிப்ட் குடுத்துடலாம்” என்றார்.

“இந்த வருஷம் மட்டும்னா அடுத்த வருஷம் மறுபடியும் மறைப்பாங்க சார். இனி எப்பவும் கொடுக்கணும். விபத்துக்கும் பூஜைக்கும் இருக்கற முடிச்சை அவிழ்த்துடணும்.”

மறுநாள் காலை ஷிப்ட் உள்ளே நுழையும் நேரத்தில் அவரே கேட்டில் நின்றார். எல்லார் கண் முன்னாலும் தகடுகளைக் கழற்றினார். பெண்கள் பக்கமிருந்து “போச்சு” என்று ஒரு குரல் கேட்டது. எம்.டி.க்குக் கூட்டத்தில் பேசி வழக்கமில்லை.

“மல்லிகாவுக்கு இங்கதான் அடிபட்டுச்சு. அதை இங்க நடந்ததுன்னே எழுதறோம். பூஜைக்கு எல்லாருக்கும் பெட்டி உண்டு. இந்த வருஷம் மட்டுமில்ல, எல்லா வருஷமும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் இடத்துக்குப் போனார்கள்.

5. எதற்குத் தண்டனை

அடுத்தது கோதண்டம். அவரை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று எம்.டி. சொன்னார். எனக்கும் அந்த ஆசை அடங்கவில்லை என்பதால்தான் இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. இந்தத் துறைக்கு வருகிற இளையவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கோபம் இருக்கும்போது மெமோ அடிக்காதீர்கள்.

கோபம் தணிந்த பிறகு பார்த்தால் அதில் இரண்டு விஷயம் இருந்தது. பட்டனில் மரத்துண்டு சொருகியதை அனுமதித்தது ஒன்று, காயத்தை மறைத்தது இன்னொன்று. முதலாவதற்கு அவர் பொறுப்பு. இரண்டாவதற்கு எப்படி அவரைத் தண்டிப்பது? மறைக்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் நோட்டீஸ். மரத்துண்டுக்காக சஸ்பெண்ட் செய்தோம், அதை எழுத்திலும் கொடுத்தோம். மறைத்ததற்கு எதுவும் இல்லை. அதே கையோடு பிரஸ்களை நிறுத்தி, இரண்டு கையால் ஓட்டினால் எவ்வளவு பீஸ் வரும் என்று பார்த்து டார்கெட்டைக் குறைக்க வைத்தேன். மரத்துண்டு ஒன்றும் கொழுப்பெடுத்துப் போய் அங்கே உட்காரவில்லை. நாங்கள் கொடுத்த டார்கெட்தான் அதைச் சொருகியது.

புது விதியை அறையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். ‘ஊழியர்கள் எவ்வித காயத்தையும் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும்’ என்று தொடங்கும். அதை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போய், மெஷினை நிறுத்தி, வாசித்தேன். சஸ்பென்ஷன் முடிந்து வந்திருந்த கோதண்டம் பின்வரிசையில் நின்றிருந்தார். வந்ததிலிருந்து யாருடனும் பேசாதவர், அன்றைக்கு வாயைத் திறந்தார்.

“தெரிவிக்கணும்னு போட்டுகீறீங்க மேடம். யாராண்ட? பேரு போடுங்க. சொன்னதுக்கு அப்பால இன்னா ஆவும், அத்தயும் போடுங்க. அதுலதான் பயம் கீது.”

“என்ன ஆகும்னு பயப்படறாங்க?”

“அன்னிக்கு சம்பளம் கட்டா, மெமோ வருமா, திரும்ப வந்தா அதே மிசின் குடுப்பாங்களா, நாளிக்கு வேலைக்கு வராதன்னு கான்ட்ராக்டர் சொல்லுவானா. அத்த எழுதாம நீங்க இன்னா எழுதினாலும் யாரும் சொல்ல மாட்டாங்க.”

நான்கு பக்கம் அரைப் பக்கமாகச் சுருங்கியது. யாரிடம் சொல்ல வேண்டும், ஷிப்டுக்கு ஒரு பெயர். சொன்னவருக்கு அன்றைய சம்பளம் உண்டு, மெமோ கிடையாது, வண்டி தயாராக நிற்கும், வேலை அவருக்காகக் காத்திருக்கும். இது கான்ட்ராக்ட் ஆளுக்கும் பொருந்தும் என்பதைக் கான்ட்ராக்டரின் கையெழுத்தோடு போட்டோம். ஹெல்மெட் பொம்மையை எடுத்துவிட்டேன்.

முதல் மாதம் காயப் பதிவு எகிறியது. கீறல், நகம், கண்ணில் தூசு, எல்லாம் வந்தது. ஆடிட்டுக்கு வந்தவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, “என்ன சார், திடீர்னு இவ்ளோ ஆக்சிடென்ட்?” என்றார். நான் பேச வாயெடுத்தேன். எம்.டி. முந்திக்கொண்டார். “முன்னாடியும் இவ்ளோதான் சார். இப்பதான் எங்களுக்குத் தெரியுது” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரிடம் நான் ரிட்டயர் ஆகும் வரை வேலை பார்த்தேன்.

முதலுதவிப் பெட்டியை அடிக்கடி நிரப்ப வேண்டி வந்தது. டீக்கடையில் பிளாஸ்திரி தொங்கிய கொக்கியில் வறுத்த கடலை வந்துவிட்டது.

6. பெட்டி

அந்த வருடப் பூஜைக்கு மெஷின்களைக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். பச்சைப் பலகை நின்ற இடம் காலியாக இருந்தது. கட்டுப் போட்ட கையோடு மல்லிகாவும் வந்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டபோது, இடது கையால் பெட்டியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். வேனில் அவருக்கு ஜன்னலோர இடம் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பருத்திப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

விதி எழுதுவது பெரிய வித்தை இல்லை. எழுதி முடித்ததும் அடிபட்ட ஒருவரை அதன் முன்னால் மனதில் நிறுத்திப் பாருங்கள். அதை வாசித்துவிட்டு அவர் உங்களிடம் வருவாரா, எதிர்க் கடைக்குப் போவாரா? எதிர்க் கடைக்குப் போவார் என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். நான் இப்படியே முடித்திருப்பேன், அடுத்த வருடம் மல்லிகா ஒன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

அடுத்த வருடம், என்ன பரிசு வேண்டும் என்று எல்லாரிடமும் கேட்கும் புது வழக்கத்தை ஆரம்பித்தோம். மிக்ஸி என்றார்கள், ஹாட் பாக்ஸ் என்றார்கள், பெரிய குக்கர் என்றும் சிலர் சொன்னார்கள். பேக்கிங் மேஜையில் மல்லிகா முறை வந்தது.

“உனக்கு என்ன வேணும் மல்லிகா?”

ஸ்டிக்கரை இடது கையால் நீவிக்கொண்டே சொன்னார்.

“எது வேணா குடுங்க மேடம். குக்கர் மட்டும் வேணாம். போன வருசத்துது மூடிய இந்தக் கையால புடிச்சி திருப்ப வர்ல. ஊட்டுக்காரரு வேலைக்குப் போறதுக்கு முன்னால மூடி போட்டுக் குடுத்துட்டுப் போனாத்தான் சோறு.”

அந்த வருடம் எல்லாருக்கும் போர்வை கொடுத்தோம்.